டிஸ்க் சாகவில்லை! வயர்தான் ஆடுகிறது!

"டிஸ்க் போய்விட்டது!"

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் வார்த்தை இது.

வீட்டில் திருடன் புகுந்தால் நகை போகும், பாத்திரம் போகும். மறுபடியும் சம்பாதித்து வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் போனால்? கல்யாணப் போட்டோ போகும். குழந்தை தவழ்ந்த படம் போகும். கடையின் பற்று வரவு போகும். இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. "போய்விட்டது" என்று மூலையில் எறியப்படும் டிஸ்க்குகள் எல்லாமே செத்தவை அல்ல. சில உயிரோடு இருக்கின்றன. டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடும் வயரில்தான் கோளாறு. அந்த வயரின் விலை நூறு ரூபாய் அளவுதான்!

டிஸ்க்கா, வயரா? குற்றவாளி யார்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவை இல்லை. பொறுமை தேவை. கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தால், அதுவே பாதி துப்பு கொடுத்துவிடும்.

மலை ஊரில் ஒரு கடை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாட்றாம்பாளையம் என்று ஓர் ஊர். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் இருக்கிறது. சுற்றிலும் மலை. காடு. யானை நடமாடும் ரோடு. கர்நாடக எல்லை பக்கத்திலேயே.

அந்த ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது லினக்ஸ். பிள்ளைகளின் சான்றிதழ், பட்டா நகல், கல்யாணப் படங்கள், எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

ஒரு நாள் காலை. நல்ல கூட்ட நேரம். திடீரென்று கம்ப்யூட்டர் அப்படியே நிற்கிறது. திரையில் இங்கிலீஷ் வரிகள் கடகடவென்று ஓடுகின்றன. பிறகு அசைவே இல்லை.

கடைக்காரர் என்ன செய்வார்?

டிஸ்க்கைக் கழற்றுவார். துண்டில் சுற்றுவார். பஸ் ஏறுவார். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அப்புறம் ஓசூர். ஓசூரில் கை விரித்தால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அழிந்த தகவலை மீட்டுத் தரும் கடைகளில் கூலி ஆயிரக்கணக்கில் ஆகும். அது போதாதென்று, மலை ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கலில், நன்றாக இருந்த டிஸ்க்கும் அடிபடலாம்.

கழற்றியபோது ஒரு காரியம் நடந்துவிட்டது. கோளாறு இருந்த வயர், கடையிலேயே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தங்கிவிட்டது! ஓசூர்க் கடைக்காரர் தன்னுடைய வயரில் மாட்டிப் பார்க்கிறார். டிஸ்க் ஓடுகிறது. "ஒன்றும் இல்லையே!" என்கிறார். ஊர் திரும்பி மாட்டினால், மறுபடியும் பழைய கதை.

ஓசூர் மெக்கானிக்கைக் கேளுங்கள்

ஓசூர், மோட்டார் தொழிலுக்குப் பேர் போன ஊர். டி.வி.எஸ். மோட்டார் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் இருக்கிறது. அந்த ஊர் மெக்கானிக்கிடம், ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கொண்டு போனால், அவர் முதலில் எஞ்சினையா பிரிப்பார்? மாட்டார். பேட்டரி முனையைக் கையால் அசைத்துப் பார்ப்பார். வயர் ஆடுகிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். எஞ்சின் கடைசி.

கம்ப்யூட்டரிலும் அதே வரிசைதான்.

இன்று மேஜைக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை இணைக்கும் வயருக்கு "சாட்டா" என்று பெயர். 2003-ம் ஆண்டில் இது வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது அகலமான, ரிப்பன் போன்ற வயர். சாட்டா வயர் மெல்லியது. தகவல் போக 7 கம்பி முனைகள். மின்சாரத்துக்கு 15 முனைகள், அது தனி வயர். தகவல் வயரின் நீளம் 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இந்த வயரின் முனை, ஏறக்குறைய 50 தடவை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் செய்யப்பட்டது. செல்போன் சார்ஜரைப் போலத் தினமும் பிடுங்கிச் சொருகுகிற சாமான் அல்ல. பழைய வயர்கள் பலவற்றில் பிடிப்புக் கொக்கியும் கிடையாது. லேசாக இழுபட்டாலே போதும். முனை அரை மயிரிழை விலகும். பார்வைக்கு மாட்டினாற்போலவே இருக்கும்!

அதன் மேல் தூசி. ஈரம். பெட்டிக்குள் புகுந்த எறும்பு. வயரைக் கடித்த எலி. கிராமத்துக் கம்ப்யூட்டருக்கு இத்தனை விரோதிகள்.

கணக்குப் பிள்ளை லினக்ஸ்

லினக்ஸ் பிறந்தது 1991-ல். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கை கொடுத்தார்கள். விலை கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. மத்திய அரசாங்க நிறுவனமான சி-டாக், தன்னுடைய சென்னை நிலையத்தில் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸைத் தயாரித்தது. அது 2007-ல் வெளிவந்தது. 2011-ல் தமிழக அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச மடிக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது. அவற்றில் விண்டோஸும் இருந்தது. பாஸ் லினக்ஸும் இருந்தது. தட்டிப் பார்க்காமலே விட்டவர்கள்தான் அதிகம்.

லினக்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கோளாறை மூடி மறைக்காது. பழைய காலத்துக் கணக்குப் பிள்ளை மாதிரி, நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைப் படிக்க ஒரு கட்டளை இருக்கிறது. டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்து அடிக்க வேண்டும். பல லினக்ஸ்களில் அதற்கு முன்னால் "சூடோ" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். வரி வரியாகக் குறிப்பு வரும்.

கம்ப்யூட்டர் உறைந்துவிட்டால் கட்டளை எப்படி அடிப்பது? முடியாதுதான். அந்தச் சமயத்தில், திரையில் நிற்கும் வரிகளைச் செல்போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். பட்டனை அழுத்தி அணைக்கும் முன்பே எடுங்கள்! ஏனென்றால், குறிப்பை எழுதி வைக்கும் இடமும் அதே டிஸ்க்தான். டிஸ்க்குக்கு வழி அடைத்துக் கிடக்கும்போது, கடைசி வரிகள் அதில் ஏறியிருக்காது. போட்டோ ஒன்றுதான் சாட்சி.

இரண்டு வார்த்தைகள்

குறிப்பில் நூறு வரி இருக்கும். பயப்பட வேண்டாம். "ஏ.டி.ஏ." என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 1, 2, 3 என்று. எந்த வாசலில் மாட்டிய டிஸ்க் என்று அந்த எண் சொல்லும்.

அந்த வரிகளில் தேட வேண்டியது முக்கியமாக இரண்டு வார்த்தைகள்.

ஒன்று, "ஐ-சி-ஆர்-சி". இது வந்தால் சந்தேகம் வயர் மேல். தகவல் வழியில் கெட்டது என்று அர்த்தம்.

மற்றொன்று, "யு-என்-சி". இது வந்தால் சந்தேகம் டிஸ்க் மேல். டிஸ்க்கின் தட்டில் எழுதியிருப்பதை டிஸ்க்கே படிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

"டைம் அவுட்" என்றும் சில சமயம் வரும். கூப்பிட்டேன், பதில் இல்லை என்கிறது லினக்ஸ். இதை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வயராகவும் இருக்கலாம். டிஸ்க்காகவும் இருக்கலாம். மின்சாரமாகவும் இருக்கலாம்.

"லிங்க் டவுன்" என்று வந்தால், டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று பொருள். சிறிது நேரத்தில் "லிங்க் அப்" என்று வரும். டிஸ்க் திரும்ப வந்துவிட்டது! இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தால், ஆடுகிற முனை மேல் சந்தேகம் பலப்படும்.

இன்னொரு வேடிக்கை. திரும்பத் திரும்பத் தகவல் கெட்டால், லினக்ஸ் வேகத்தைத் தானே குறைக்கும். விநாடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தில் போனது 3 ஆகும். பிறகு 1.5 ஆகும். ரோடு மோசம் என்றால் பஸ் டிரைவர் கியரைக் குறைப்பது இல்லையா? அதே யோசனைதான். "கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக மந்தம்" என்று சலித்துக்கொள்பவர்கள், இந்த வரி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மூட்டைக் கணக்கு

தகவல் வழியில் கெட்டது என்று எப்படித் தெரிகிறது?

மலை ஊரிலிருந்து சந்தைக்கு ராகி மூட்டை போகிறது. லாரியோடு ஒரு சீட்டும் போகிறது. சீட்டில், "மூட்டை 40" என்று எழுதியிருக்கிறது. இறக்குகிறவர் எண்ணுகிறார். 39 இருக்கிறது. உடனே தெரிந்துபோகும்; வழியில் ஏதோ நடந்திருக்கிறது!

கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் இப்படித்தான் சீட்டு அனுப்பிக்கொள்கின்றன. அவை வெறும் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. தகவல் முழுவதையும் வகுத்துக் கணக்குப் போட்டு, அதில் கிடைக்கும் ஓர் எண்ணைச் சீட்டில் எழுதுகின்றன. ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு இடிக்கும். இந்த முறைக்கு "சி.ஆர்.சி." என்று பெயர். அமெரிக்கக் கணித நிபுணர் வெஸ்லி பீட்டர்சன் 1961-ல் இதை வெளியிட்டார்.

கணக்கு இடித்தால், வந்த சரக்கை ஏற்காமல் மறுபடியும் அனுப்பச் சொல்லும். அதனால் வயர் கோளாறால் மட்டும் உள்ளே இருக்கும் போட்டோ அழிந்துவிடுவது இல்லை. நேரம்தான் வீணாகும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது வழி அடியோடு அறுந்தால், பாதி எழுதியது பாதியில் நிற்கும். அங்கேதான் ஆபத்து.

199-ம் நம்பர்

டிஸ்க்கும் தன்னைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது. "ஸ்மார்ட்" என்று அதற்குப் பெயர். லினக்ஸில் "ஸ்மார்ட்மான்டூல்ஸ்" என்ற சாதனத்தைப் போட்டால் அதைப் படிக்கலாம். கட்டளை அடிக்கத் தயங்குகிறவர்களுக்கு "டிஸ்க்ஸ்" என்ற பெயரில் படத்தோடு கூடிய சாதனமும் இருக்கிறது. பல லினக்ஸ்களில் அது முன்கூட்டியே இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் நிறைய எண்கள். பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். 199-ம் நம்பர் வரியைப் பாருங்கள். அதுதான் வயர் கணக்கு. சீட்டும் சரக்கும் எத்தனை தடவை ஒத்துப்போகவில்லை என்று அது சொல்லும். 5, 197 ஆகிய நம்பர்கள் டிஸ்க்கின் சொந்த உடம்புக் கணக்கு. கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள் எத்தனை என்று 5 சொல்லும். படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள் எத்தனை என்று 197 சொல்லும்.

199 ஏறியிருக்கிறது, 5-ம் 197-ம் பூஜ்யம். அப்படியானால் பெருமூச்சு விடலாம். டிஸ்க் அநேகமாக நிரபராதி.

இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். புது வயர் மாட்டுகிறார்கள். மறுபடியும் பார்த்தால் 199-ல் அதே 46 நிற்கிறது. "வயர் மாற்றியும் போகவில்லையே!" என்று டிஸ்க்கைத் தூக்கி எறிகிறார்கள். ஐயோ! அந்த எண் ஒரு நாளும் குறையாது. வண்டி ஓடிய மைல் கணக்கைப் போல அது பழைய கணக்கு. எஞ்சினை மாற்றினால் மைல் குறைந்துவிடுமா?

பார்க்க வேண்டியது, எண் மேலும் ஏறுகிறதா என்பதைத்தான். இன்றைய தேதியையும் 46 என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கம்ப்யூட்டர் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் நன்றாக வேலை வாங்குங்கள். பெரிய படங்களைக் காப்பி செய்யுங்கள். பிறகு பாருங்கள். 46 அப்படியே இருந்தால் நோய் தீர்ந்தது. 60 ஆகியிருந்தால் குற்றவாளி இன்னும் வெளியே திரிகிறான்.

ஒன்றை மாற்று, ஒன்றை மட்டும் மாற்று

வயரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. டிஸ்க் இன்னும் விட்டுவிட்டாவது ஓடுகிறது என்றால், முக்கியமானதை முதலில் வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிட வேண்டும். கல்யாணப் படம் முதலில். சினிமாப் படம் கடைசியில். இதில் தராதரம் பார்க்கத்தான் வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டரை முறையாக அணையுங்கள். சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்குங்கள். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதன் வழியே போய்விடும். இரண்டு முனைகளையும் கழற்றி, நேராகப் பிடித்து, அழுத்தி மாட்டுங்கள். முனை "எல்" எழுத்தைப் போல வளைந்திருக்கும். ஒரு பக்கமாகத்தான் போகும். முரட்டுத்தனம் செய்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறியும். டிஸ்க்கின் நாக்கு முறிந்தால் நூறு ரூபாய் வைத்தியம் உதவாது.

பல சமயங்களில் இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், மாற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் பல்பு எரியவில்லை. என்ன செய்கிறீர்கள்? பல்பைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டிப் பார்க்கிறீர்கள். அங்கே எரிந்தால் பல்பு நல்லது; ஹோல்டரில் கோளாறு. அவ்வளவுதான் சூட்சுமம்!

முதலில் வயரை மட்டும் மாற்றுங்கள். வாசல் அதே வாசல். டிஸ்க் அதே டிஸ்க். பிழை நின்றால் வயர்தான் குற்றவாளி. நிற்காவிட்டால், வாசலை மாற்றுங்கள். மதர்போர்டில் அடுத்த வாசலில் மாட்டுங்கள். பிழை நின்றால் பழைய வாசல் குற்றவாளி. வயரையும் மாற்றியாயிற்று, வாசலையும் மாற்றியாயிற்று, மின்சார வயரையும் மாற்றியாயிற்று, பிழை மட்டும் டிஸ்க்கை விடாமல் கூடவே வருகிறது என்றால், அப்போது டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்.

அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். கம்ப்யூட்டர் ஓடும். எதனால் ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. கெட்ட வயர் மேஜை டிராயருக்குள் போய், ஆறு மாதம் கழித்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும்!

வாசலே கெட்ட கதை

வாசல் கெடுமா என்று கேட்கலாம். உலகப் பிரசித்தமான ஒரு சம்பவம் உண்டு.

2011 ஜனவரி 31. இன்டெல் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கம்ப்யூட்டர் உலகம் திடுக்கிட்டது.

அப்போதுதான் புதிதாக வந்திருந்த மதர்போர்டு சில்லு ஒன்றில் தவறு இருப்பதாக இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்தச் சில்லில் 6 சாட்டா வாசல்கள். 2 வாசல்கள் அதிவேகம். அவற்றில் குறை இல்லை. மற்ற 4 வாசல்களில்தான் கோளாறு. உள்ளே ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டருக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. நாள் ஆக ஆக வாசல் பலவீனமாகும். டிஸ்க் தடுமாறும். கடைசியில் கண்ணில் படாமலே போய்விடும்.

பழுது பார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் மதிப்பிட்டது. விற்பனை இழப்பு 30 கோடி டாலர்!

டிஸ்க் நல்லது. வயர் நல்லது. வாசல் கெட்டது. வாசலை மாற்றிப் பார்க்காதவர், எத்தனை புது டிஸ்க் வாங்கி மாட்டினாலும் விடிந்திருக்காது.

மின்சாரம் செய்யும் மாயம்

இன்னொரு குற்றவாளி, வயரைப் போலவே வேஷம் போடுவான். அவன் பெயர் பவர் சப்ளை.

மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். 5 வோல்ட்டும் வேண்டும். தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12. மூளைக்கு 5. பழைய பவர் சப்ளை வேலை மிகுந்த நேரத்தில் சற்றுத் தளர்ந்தால், டிஸ்க் கண் இமைக்கும் நேரம் மயங்கி விழும். மறு நொடி எழுந்துகொள்ளும். லினக்ஸ் குறிப்பில் "லிங்க் டவுன்" என்றுதான் வரும். வயரைத்தான் திட்டத் தோன்றும்.

இதற்கும் துப்பு உண்டு. பல டிஸ்க்குகளில் 192-ம் நம்பர் வரி, மின்சாரம் திடீரென்று நின்ற தடவைகளைச் சொல்லும். கம்ப்யூட்டரை நீங்கள் ஒழுங்காகத்தான் அணைக்கிறீர்கள், கரண்டும் போகவில்லை, ஆனாலும் இந்த எண் ஏறுகிறது என்றால், பவர் சப்ளையைக் கவனியுங்கள். ஒரே மின்சார வயரைக் கிளை பிரித்து இரண்டு மூன்று டிஸ்க்குக்கு மாட்டியிருந்தால், அந்தக் கிளை முனையை முதலில் நீக்கிப் பாருங்கள்.

வெளியே மாட்டும் யு.எஸ்.பி. டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அவற்றில் பலவற்றுக்குத் தனிக் கரண்ட் கிடையாது. கம்ப்யூட்டர் கொடுப்பதுதான். பழைய யு.எஸ்.பி. 2 வாசல் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும். யு.எஸ்.பி. 3 வாசல் 900 கொடுக்கும். வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வழியிலேயே தேய்ந்துவிடும். பெட்டியின் முன் பக்க வாசலை விட்டுப் பின் பக்கம் மாட்டுங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். வயரைக் குட்டையாக்குங்கள். "ரீசெட், ரீசெட்" என்று புலம்பிக்கொண்டிருந்த லினக்ஸ் பலருக்கு இதோடு அமைதியாகிவிட்டது.

மடிக் கம்ப்யூட்டரில் நீள வயர் இல்லை. சிலவற்றில் டிஸ்க் நேராகக் குழிக்குள் சொருகியிருக்கும். சிலவற்றில் தாள் போன்ற மெல்லிய பட்டை வயர் இருக்கும். பள்ளிக்கூடப் பையில் வருஷக்கணக்கில் குலுங்கிய கம்ப்யூட்டரில், அந்தப் பட்டை விரிசல் கண்டிருக்கலாம்.

செய்யக் கூடாதவை

வழி சரியாகும் முன் டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

லினக்ஸில் டிஸ்க்கின் கணக்கு வழக்கைத் திருத்தும் கட்டளை ஒன்று உண்டு. எஃப், எஸ், சி, கே என்று நான்கு எழுத்து. நல்ல மருந்து. ஆனால் வயர் ஆடும்போது அதை ஓட்டினால், திருத்தமே வழியில் கெடும், பாதியில் அறும். சின்னக் காயம் பெரிய காயமாகும். முதலில் ரோடு, பிறகுதான் வைத்தியர் வண்டி. மருந்தை ஓட்டும்போதும், அந்த டிஸ்க் உபயோகத்தில் இருக்கக் கூடாது. பென் டிரைவிலிருந்து வேறு லினக்ஸைக் கிளப்பிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

சில சமயம் லினக்ஸ் தானாகவே டிஸ்க்கை "படிக்க மட்டும்" என்று பூட்டிவிடும். சேமிக்க முடியவில்லையே என்று கோபம் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலும் சேதம் ஆகாமல் இருக்கப் போட்ட பூட்டு அது.

பெயர் விஷயத்திலும் உஷார்! லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு "எஸ்-டி-ஏ", "எஸ்-டி-பி" என்று பெயர் வைக்கும். வயர் ஆடி டிஸ்க் மறைந்து, மறுபடியும் வரும்போது வேறு பெயரில் வரலாம். பழைய பெயரை நம்பிக் கட்டளை அடித்தால், நல்ல டிஸ்க்கின் மேல் கை வைத்துவிடுவீர்கள். எல், எஸ், பி, எல், கே என்று அடித்தால், எந்தப் பெயர் எந்த அளவு டிஸ்க்குக்கு என்று காட்டும். ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டு அடிப்பதே புத்திசாலித்தனம்.

டிஸ்க்கே குற்றவாளி என்றால்?

"டிக், டிக்" என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? 197-ம் நம்பர் நாளுக்கு நாள் ஏறுகிறதா? அப்படியானால் வயருக்குச் சம்பந்தம் இல்லை. டிஸ்க்குக்கே நோய்.

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த உலகத்தின் முதல் டிஸ்க், ஓர் அறையில் பெரிய பீரோவைப் போல நின்றது. எடை ஏறத்தாழ ஒரு டன். உள்ளே 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குலம் அகலம். இத்தனைக்கும் அதில் 50 லட்சம் எழுத்துக்கள்தான் கொள்ளும். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும்!

இன்று கையளவு டிஸ்க்கில் அதைப் போல லட்சக்கணக்கான மடங்கு அடங்குகிறது. அதற்குக் கொடுத்த விலை என்ன? படிக்கும் முனை தட்டுக்கு அவ்வளவு நெருக்கமாகப் பறக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளி தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூடியைத் திறந்தால், ஒரு தூசி போதும். ஆகவே, வீட்டில் ஸ்க்ரூ டிரைவரால் டிஸ்க்கைத் திறப்பவர் தன் போட்டோக்களுக்குத் தானே கொள்ளி வைக்கிறார்.

சத்தம் வரும் டிஸ்க்கை மேலும் ஓட்டாமல் அணைத்துவிட வேண்டும். சத்தம் இல்லை, சில இடங்கள் மட்டும் படிக்க முடியவில்லை என்றால், "டிடி-ரெஸ்க்யூ" என்ற இலவச சாதனம் உதவும். அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதியது. அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். நல்ல இடங்களை முதலில் சுருட்டிக்கொள்ளும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. கடைசியில் திரும்பி வந்து தட்டிப் பார்க்கும். எதுவரை முடிந்தது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம்.

பஸ் ஏறுவதானால்

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஓசூர் போகத்தான் வேண்டும் என்றால், டிஸ்க்கைத் துண்டில் சுற்ற வேண்டாம். மின்சாரம் தேங்காத பிளாஸ்டிக் பை வேண்டும். புது டிஸ்க் வந்த பையே போதும். சுற்றிலும் கெட்டியாகப் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் கூரையிலோ, பின் சீட்டுக்கு அடியிலோ கூடாது.

பழைய வயரையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். அதன் மேல் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள், புதியதோடு கலந்துவிடாமல் இருக்க. செல்போனில் எடுத்த திரைப் போட்டோவும், 5, 197, 199 ஆகிய மூன்று எண்களும் கையில் இருக்கட்டும். எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மணி நேரம் தேடுவது பத்து நிமிஷமாகும். "டிஸ்க் போய்விட்டது, புதுசு வாங்கு" என்று எடுத்த எடுப்பில் சொல்லவும் தயங்குவார்.